காலிக் குப்பி சொன்ன சாட்சி

அத்தியாயம் 9

"யாருக்காவது பாத்ரூம் போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க. முத்திரை ஒட்டிட்டா ஒன்றரை மணி நேரத்துக்கு யாரும் வெளிய போக முடியாது" என்றார் துறைமுக ஆய்வாளர் வார்தோயோ.

யாரும் போகவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று அரை மணி கழித்து எனக்குத் தெரிந்தது.

கதவு இடுக்கின் மேல் நீளமாக ஒரு வெள்ளைக் காகிதத்தை ஒட்டி, அதில் நான்கு கையெழுத்து வாங்கினார். அவருடையது ஒன்று. ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் டெஸ்னிதாவுடையது ஒன்று. குற்றம் சாட்டப்பட்ட படகோட்டி டாயெங் பரானியுடையது ஒன்று. அவருக்காகத் துப்பறியும் தியூர் அக்காவுடையது ஒன்று. என் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. உதவியாளனுக்கு அந்த யோக்கியதை இல்லையாம். உள்ளே அடைபடும் யோக்கியதை மட்டும் இருந்தது.

என் பெயர் ஜும்ரி. தீவு நகரமான தஞ்சோங் பினாங்கின் படகுத்துறையில் பதினெட்டு வருஷம் டிக்கெட் கிழித்தவன். ஆறு வருஷமாக அக்காவோடு இருக்கிறேன். தியூர் சிலாலஹி சுங்க இலாகாவில் இருபது வருஷம் கடத்தல்காரர்களைக் கதறவைத்துவிட்டு ராஜினாமா செய்தவர். பத்தாக் இனத்துக்காரி. 'காப்பி வேணுமா' என்று அவர் கேட்டாலே அடிக்க வருகிறாரோ என்று தோன்றும்.

விஷயம் இதுதான். வடக்குக் காற்று மாதங்களில் பெரிய கப்பல்கள் நடுக்கடலில் தொட்டி கழுவிவிட்டுப் போகும், கறுப்பு எண்ணெய் எங்கள் கரையில் வந்து அப்பும். வருஷா வருஷம் நடக்கிற அநியாயம், வருஷா வருஷம் யாரும் மாட்டுவதில்லை. இந்த வருஷம் பாசிர் மேரா கடற்கரையில் எண்ணெய் வந்தபோது ஆள் மாட்டிவிட்டார். பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்த ஒரே மரப்படகு டாயெங் பரானியுடையது. படகின் அடிவயிற்றில் தேங்கிய எண்ணெயும் கரை எண்ணெயும் ஒன்று என்று இந்த ஆய்வுக்கூடம் எழுதிக் கொடுத்தது. பன்னிரண்டு நாளாக மனிதர் காவலில் இருக்கிறார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு விசாரணை. நிரூபணமானால் எட்டு வருஷம் சிறை, படகும் பறிமுதல். மனைவியும் நான்கு பிள்ளைகளும் அந்தப் படகில்தான் குடியிருக்கிறார்கள்.

மேஜைமேல் மூன்று குப்பிகள் இருந்தன. ஒன்றாவது, கரையில் அள்ளிய எண்ணெய். இரண்டாவது, படகில் அள்ளியது. மூன்றாவதில் தண்ணீர் மாதிரி ஏதோ ஒரு விரல் உயரத்துக்கு இருந்தது.

"திரவ நைட்ரஜன் ஒரு ஓட்டத்துக்குத்தான் வரும்" என்றார் டாக்டர் டெஸ்னிதா, உருளையின் முள்ளைப் பார்த்துக்கொண்டே. நாற்பது வயது, மினாங் இனப் பெண்மணி, முக்காட்டின் ஒரு ஊசிகூடச் சாயாத ஒழுங்கு. "அலையால பாத்தாம் தீவு ஃபெர்ரி நாலு நாளா வரல. எதிர்த்தரப்பு எந்தக் குப்பியை வேணாலும் மறுபடி ஓட்டச் சொல்லலாம். ஆனா ஒண்ணுதான். ரெண்டாவதுதானே?"

கேட்கும்போதே கை இரண்டாவது குப்பிக்குப் போய்விட்டது.

"மூணாவது" என்றார் அக்கா.

கை அப்படியே நின்றது.

"அது காலிக் குப்பிம்மா."

"தெரியும்."

"அதுல ஒண்ணுமே கிடையாது. எண்ணெய் அள்ளுற இடத்துல, அள்ளுற நேரத்துக்கு, சுத்தமான கரைப்பானைச் சும்மா திறந்து வச்சு மூடுறது. காத்துலேர்ந்து ஏதாவது ஒட்டிச்சான்னு பார்க்க."

"பார்த்தீங்களா?"

"அதை யாரும் பார்க்கிறதில்ல."

"அப்ப இன்னிக்குப் பார்ப்போம்."

ஸ்டூலில் கூனி உட்கார்ந்திருந்த டாயெங் பரானி தலையை நிமிர்த்தினார். ஐம்பது வயது பூகிஸ் இனத்துக்காரர். வெயிலில் கறுத்த முகம் பன்னிரண்டு நாளில் சாம்பல் நிறமாகியிருந்தது.

"அக்கா, இருக்கிறது ஒரே ஒரு வாய்ப்பு. அதை வெறும் தண்ணியில கொண்டுபோய்க் கரைக்கிறீங்களே. நான் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சேன்?"

"டாயெங், ரெண்டாவதை ஓட்டினா திரும்பவும் உங்களைத்தான் கை காட்டும். ஒருதரம் காட்டினது போதாதா?"

அக்கா தப்பு செய்து நான் பார்த்ததில்லை, ஆனால் முதல் தப்பு இன்றைக்குத்தான் என்று வேண்டிக்கொண்டு வந்தது போல இருந்தது.

டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவது குப்பியைத் திறந்தார். ஊசியால் ஒரு சொட்டு எடுத்துக் கருவிக்குள் செலுத்தினார். திரையில் நிமிஷம் ஓட ஆரம்பித்தது.

வாயு நிறப்பிரிகை என்று இதற்குப் பெயர். இங்கே இருந்தது இரட்டைக் குழாய் வகை. எனக்குப் புரிந்தது படகுத்துறைக் கணக்கில்தான். எண்ணெய்க்குள் ஆயிரக்கணக்கான சாமான் கலந்து கிடக்கிறது. முதல் குழாய் நீளமானது. சூடு ஏற ஏற லேசானது முதலில் இறங்கும், கனமானது கடைசியில் இறங்கும். ஒரே கனத்தில் பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும் தோளோடு தோள் ஒட்டி ஒரே கும்பலாக வருவார்கள். பழைய கருவியில் அது ஒரே மேடாகத் தெரியும். இங்கே ஆறு வினாடிக்கு ஒருமுறை அந்தக் கும்பலைக் குளிரில் உறையவைத்துப் பிடித்து, உடனே சூடான காற்றால் இரண்டாவது குட்டைக் குழாய்க்குள் தள்ளுகிறார்கள். அது குணம் பார்த்துப் பிரிக்கும். சிலது வழுக்கிக்கொண்டு ஓடிவிடும், சிலது குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தாமதமாக வரும். கடைசியில் திரையில் ஒரு வரைபடம் கிடைக்கும். குறுக்கே நிமிஷம், உயரத்தில் வினாடி. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பொட்டு, அதற்கென்று ஒரு இடம்.

நைட்ரஜன் சீறிக்கொண்டிருந்தது. அறைக்கு ஜன்னல் இல்லை. குளிர்சாதனம் எலும்பைக் கடித்தது. வெளியே காற்று கூரைத் தகட்டை அடித்த சத்தமும், காவல் நின்ற போலீஸ்காரரின் பூட்ஸ் சத்தமும் மட்டும் உள்ளே வந்தன. சாப்பிட ஒன்றும் கொண்டுவரக் கூடாது என்பதால் என் மீன் அடைப் பொட்டலம் வெளியே அந்தப் போலீஸ்காரர் பக்கத்தில் இருந்தது. அவர் அதைப் பத்திரமாகத் தின்றுகொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரை மணி போனது. கால்மேல் கால் போட்டேன். மாற்றிப் போட்டேன். வார்தோயோ கிராம்பு சிகரெட் ஒன்றைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்து முகர்ந்துகொண்டே இருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிற ஜாவாக்காரர். என் கணக்கில் குற்றவாளி அவர்தான். படகுப் பக்கமே போகாமல், கரை எண்ணெயையே இரண்டு குப்பியில் ஊற்றி வேலையை முடித்திருப்பார். எண்ணெய் அள்ளிய நேரத்தில் டாயெங் சந்தையில், மனைவியும் பிள்ளைகளும் கரையில். வார்தோயோ படகுக்கு வந்ததைப் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை.

"ஐயா, படகுக்கு நெஜமாவே போனீங்களா? இல்ல, காப்பிக் கடையிலயே உக்காந்து படிவத்தை நிரப்பிட்டீங்களா?"

"ஜும்ரி, அரசாங்க ஊழியரை அவமதிக்கிறவனுக்கும் ஒரு படிவம் இருக்கு. எடுக்கட்டுமா?"

"எடுங்க. என் முதுகுல வச்சு எழுதுங்க, மேஜைல இடமில்ல."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றார் அக்கா. பிறகு டாயெங் பக்கம் திரும்பினார். "அன்னிக்குப் படகுல என்ன சரக்கு?"

"கிராம்புதான். நத்துனா தீவுலேர்ந்து நாப்பது மூட்டை. பதினோரு வருஷமா அதே சரக்கு. என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் போனா, சட்டையில கிராம்பு நாறுதுன்னு பக்கத்துல யாரும் உக்காரதில்லையாம்."

டாக்டரம்மா நைட்ரஜன் உருளையை மெல்லத் தட்டினார். முள் சிவப்புக்குள் இறங்கியிருந்தது. அவர் நெற்றி வேர்த்திருந்தது. அந்தக் குளிரில் வேர்க்கிறதே, பாவம், நைட்ரஜன் தீர்ந்துவிடுமோ என்று எவ்வளவு கவலை பாருங்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திரை கருநீலமாகவே கிடந்தது. கீழே வரிசையாகச் சில மங்கல் பொட்டுகள் வந்தன. படகு டீசலின் புகையாம் அது. டாயெங் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பத்தொன்றாவது நிமிஷத்தில், உயரத்தில், தனியாக, மஞ்சளாக ஒரு பொட்டு விழுந்தது.

அக்கா எழுந்தார். "டாக்டரம்மா, அது யாரு?"

"தெரியாது. இந்தக் கருவி இடத்தைத்தான் காட்டும். பேர் சொல்லாது."

"பேரை நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்களே."

சுவரில் ஒரு பெரிய படம் இருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் பார்க்க வந்தபோது கருவியின் பெருமையைக் காட்ட டாக்டரம்மா ஓட்டிய மாதிரி. 'நம் ஊர்க் கிராம்பு சிகரெட்டின் புகை' என்று தலைப்பு. அக்கா மேஜையிலிருந்த அளவுகோலை எடுத்துச் சுவரில் வைத்தார், பிறகு திரையில் வைத்தார். நாற்பத்தொன்றாம் நிமிஷம், அதே உயரம். சுவரில் அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் டாக்டரம்மாவின் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: கிராம்பு எண்ணெய்.

"கிராம்பா!" டாயெங் பாதி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க டாயெங்" என்றார் டாக்டரம்மா. குரல் அமைதியாகத்தான் இருந்தது. "இந்தத் தீவுல கிராம்பு சிகரெட் பிடிக்காதவங்க யாரு? குப்பியைத் திறந்தவர் விரல்லயே ஒண்ணு இருக்கு பாருங்க. எங்கயோ உக்காந்து ஊதிக்கிட்டே திறந்திருக்கார். படகுல திறந்தார்ங்கிறதுக்கு இது சாட்சி ஆகாது."

எல்லோரும் வார்தோயோவின் விரலைப் பார்த்தோம். அவர் சிகரெட்டைச் சட்டென்று சட்டைப்பைக்குள் போட்டார்.

"அப்பவே சொன்னேன்ல, காப்பிக் கடைன்னு!" என்றேன்.

"ஜும்ரி, சுவத்துல இருக்கிற படத்துல, அதே நிமிஷத்துக்கு நேரா கீழ பாரு. என்ன இருக்கு?" என்றார் அக்கா.

"இன்னொரு பொட்டு. பக்கத்துல... நிக்கோடின்."

"கனத்துல ரெண்டும் ஒண்ணு. ஒத்தைக் குழாய்க் கருவியில ஒட்டிக்கிட்டு வந்து ஒரே மேடாத்தான் தெரியும். கிராம்பா, புகையிலையான்னு ஆண்டவனே வந்தாலும் பிரிக்க முடியாது. டாக்டரம்மாவோட ரெண்டாவது குழாய் பிரிக்குது. கிராம்பு மேல, நிக்கோடின் கீழ. இப்பத் திரையைப் பாரு. கீழ என்ன இருக்கு?"

கருநீலம்தான் இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

"புகையிலை இல்லாத சிகரெட் எந்தக் கடையில விக்குது, டாக்டரம்மா?"

வார்தோயோதான் பேசினார், அடிபட்ட குரலில்.

"மூட்டைக்கு நடுவுல நின்னு நான் எப்படிப் பத்தவைப்பேன்? தீப்பொறி விழுந்தா படகே போயிருக்கும். நான் போனேன். ஏணியில இறங்கி, முட்டி போட்டு, அடிப்பலகையைத் தூக்கி அள்ளினேன். படிவத்துல கட்டம் இருக்குன்னு காலிக் குப்பியையும் பத்து நிமிஷம் மூட்டைமேல திறந்து வச்சேன். முப்பத்திரண்டு வருஷமா ஒரு கட்டத்தையும் நான் விட்டதில்ல."

பன்னிரண்டு நாளாக அவரை மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. "மன்னிச்சுக்கோங்க ஐயா" என்றேன். "என் படிவத்தைப் பாரு, ஒரு கட்டம்கூடக் காலியா இருக்காது" என்று மட்டும் சொன்னார்.

அக்கா தன் பையிலிருந்து நீதிமன்ற நகலை எடுத்து விரித்தார். இரண்டாவது குப்பியின் வரைபடம், பன்னிரண்டு நாள் முன்பு இதே கருவியில் ஓடியது. நாற்பத்தொன்றாம் நிமிஷத்தில், அந்த உயரத்தில், விரலை வைத்தார்.

"இங்க கிராம்பு இல்ல. ரெண்டாவதையும் மூணாவதையும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல திறந்தாங்க. மேல சும்மா திறந்து வச்ச ஒரு விரல் கரைப்பான்ல கிராம்பு ஏறியிருக்கு. நாப்பது மூட்டைக்கு அடியில பதினோரு வருஷமா ஊறின எண்ணெயில ஏறலையாம். அதுவும் போகட்டும். இந்த இடது ஓரத்தைப் பாருங்க, மொட்டை. லேசான சாமானெல்லாம் வெயில்ல பறந்துபோச்சு. கடல்ல ரெண்டு நாள் மிதந்த எண்ணெய்க்குத்தான் இப்படி ஆகும். படகோட அடிவயித்துல எங்க வெயில் அடிக்குது?"

"அப்ப ரெண்டாவது குப்பியில இருக்கிறது..." என்று இழுத்தார் டாயெங்.

"கரை எண்ணெய். ஒண்ணாவது குப்பியிலேர்ந்து ஊத்தினது. அதான் அச்சு அசலா ஒத்துப்போச்சு. ஐயா படகுக்கே போகலைன்னா காலிக் குப்பியில கிராம்பு இருக்காது, தப்பு அவரோடது. கிராம்பு இருந்தா அவர் நேர்மையா அள்ளியிருக்கார், அதுக்கப்புறம்தான் யாரோ மாத்தியிருக்காங்க. அதுக்குத்தான் மூணாவதைக் கேட்டேன். ஐயா, படகுலேர்ந்து குப்பிகள் எங்க போச்சு?"

"நேரா இங்கதான். டாக்டரம்மா கையில கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். குளிர்ப்பெட்டியில வச்சுப் பூட்டினாங்க."

"சாவி?"

"ஒண்ணுதான்."

யாரும் சாவி எங்கே என்று கேட்கவில்லை. அது டாக்டர் டெஸ்னிதாவின் கழுத்தில், அடையாள அட்டையோடு தொங்கியது. இத்தனை நேரமும் குற்றவாளியோடுதான் உள்ளே பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். முதுகுத்தண்டு சில்லிட்டது. குளிர்சாதனத்தைக் குறை சொல்ல முடியாது.

"காலிக் குப்பியை மட்டும் ஏன் விட்டு வச்சீங்க?" என்றேன், தாங்க முடியாமல்.

"பதினாலு வருஷமா இங்க வேலை பார்க்கிறேன். ஒருத்தரும் அதை ஓட்டினதே இல்ல" என்றார் டாக்டரம்மா. "நானும் ஓட்டினதில்ல."

நைட்ரஜனின் சீறல் இருமி நின்றது. முள் பூஜ்யம். அச்சுப்பொறி வரைபடத்தை வெளியே தள்ளியது. வார்தோயோ கையெழுத்திட்டார், அக்கா இட்டார், டாயெங் இட்டார். காகிதம் டாக்டரம்மாவின் முன்னால் வந்தது. அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"நான் போட மாட்டேன்."

"டாக்டரம்மா..." என்றார் அக்கா.

"ஓட்டினவர் கையெழுத்து இல்லைன்னா இந்தக் காகிதம் செல்லாது. நாலு கையெழுத்துக்கு முன்னாடி முத்திரையைக் கிழிச்சாலும் செல்லாது. ஐயாவைக் கேளுங்க."

வார்தோயோ தலை குனிந்தார். "விதி அப்படித்தான்."

"மறுபடி ஓட்ட நைட்ரஜன் இல்ல" என்றார் டாக்டரம்மா. "ஃபெர்ரி எப்ப வரும்னு தெரியாது. நாளைக்கு ஒன்பது மணிக்குக் கோர்ட்டுல இருக்கப்போறது பழைய வரைபடம் மட்டும்தான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கையைப் பிடித்து மடக்கிக் கையெழுத்து வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அக்கா அசையவில்லை. நாற்காலியை இழுத்து டாக்டரம்மாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"யாருக்காக?"

வெளியே பூட்ஸ் சத்தம் இருமுறை வந்து போனது.

"என் தம்பி. கரைக்கு வந்த எண்ணெயைக் கொட்டின டாங்கர்ல மூணாவது இன்ஜினியர். குழாயைத் திறன்னு மேல இருக்கிறவன் சொன்னான், இவன் திறந்தான். இருபத்தாறு வயசு. எங்க அம்மா போனப்புறம் நான்தான் சோறு ஊட்டி வளர்த்தேன். போன்ல அழறான், அக்கா, ஜெயிலுக்குப் போயிடுவேனான்னு. நான் என்ன செய்யணும்? சொல்லுங்க, நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

டாயெங் பரானிதான் எழுந்து வந்தார். மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, சத்தமே போடாமல் பேசினார்.

"உங்க தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல. சின்னப் பையன், மேல இருக்கிறவன் சொன்னான், திறந்துட்டான். பன்னெண்டு நாளா நான் படுத்திருக்கிற தரையில அவன் படுத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். என் பொண்டாட்டி தினம் வந்து கம்பிக்கு வெளிய நிக்கிறா. அவ மூஞ்சியைப் பார்த்தேன், அதனால தெரியும்." மூச்சு வாங்கினார். "ஆனா டாக்டரம்மா, அவன் செஞ்சான். நான் செய்யல."

திரும்பிப் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் டெஸ்னிதா அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை பேனாவைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு முக்காட்டு நுனியால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, மூடியைத் திறந்து, எப்போதும் போல அழகான எழுத்தில் கையெழுத்திட்டு, பக்கத்தில் மணியும் எழுதினார். நாலு இருபது.

வார்தோயோ முத்திரையைக் கிழித்தார். கதவு திறந்தது. போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, இடுப்பிலிருந்து கைவிலங்கை எடுத்தார். அவருக்கு யாரும் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

டாக்டரம்மா ஒரு அடி முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

அவருக்குப் பக்கத்தில் டாயெங் பரானியும் நீட்டிக்கொண்டு நின்றார். விலங்கைப் பார்த்ததும் கை தானாகவே எழுந்துவிட்டது. பன்னிரண்டு நாள் பழக்கம். வார்தோயோ அவர் மணிக்கட்டுகளைப் பிடித்து, மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

"உங்களுக்கு இல்ல டாயெங்" என்றார். "நீங்க வீட்டுக்குப் போங்க."